ஹைபிரிட்: இருவிசை மகிழுந்து

யாழ்ப்பாணத்தில் வாகனத் தரகர் முதல் கராஜ்காரர் வரை எல்லோர் வாயிலும் புழங்கும் ‘ஹைபிரிட்’ என்ற சொல், பெற்றோல் இயந்திரமும் மின்மோட்டரும் ஒருங்கே பொருத்தப்பட்ட காரைக் குறிக்கிறது.

சொல்லின் ஊற்று இலத்தீன். வீட்டுப் பன்றிக்கும் காட்டுப் பன்றிக்கும் பிறந்த குட்டியை அம்மொழியினர் ‘ஹிப்ரிடா’ என்றனர். பின்னர் அது பயிர்களுக்கும் கால்நடைகளுக்கும் விரிந்தபோது, தமிழில் ‘கலப்பினம்’ என வழங்கினோம். கலப்பினப் பசு என்பதில் குறையில்லை. ஆனால் ‘கலப்பினக் கார்’ என எழுதுவது, இனமே இல்லாத பொருளுக்கு இனம் கற்பிப்பதாகும். ‘கலப்பு’ என்று மட்டும் நிறுத்தினாலும், பாலில் நீர் கலந்தாற்போன்ற ஒரு பொருளே தோன்றும். காரினுள்ளோ இயந்திரமும் மோட்டரும் தனித்தனியே நின்று, சிலவேளை முறைவைத்தும் சிலவேளை சேர்ந்தும் உழைக்கின்றன.

நல்லூர்ப் பக்கத்து ஒழுங்கையிலிருந்து ரொயோட்டாவின் ஹைபிரிட் காரான அக்குவா ஒன்று வெளிவரும்போது சில்லு மணலை நெரிக்கும் சத்தம் மட்டுமே கேட்கும். பருத்தித்துறை வீதியில் ஏறி வேகம் பிடிக்கையில்தான் இயந்திரம் விழித்துக்கொள்ளும். நின்ற நிலையிலிருந்து இழுப்பதில் மோட்டர் வல்லது, சீரான வேகத்தில் ஓடுவதில் இயந்திரம் சிக்கனமானது என்பதே காரணம். பிறேக்கை அழுத்தும்போது, சாதாரணக் காரில் வெப்பமாகி வீணாகும் ஆற்றலின் ஒரு பகுதியை, மோட்டர் மின்னாக்கியாக மாறிப் பற்றறிக்குத் திருப்பி அனுப்புகிறது. 1997இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ரொயோட்டா பிரியஸ் இந்த ஏற்பாட்டைப் பரவலாக்கியது.

இரண்டு எரிபொருளில் ஓடுவதெல்லாம் ஹைபிரிட் ஆகாது. தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக் காலத்தில், இங்கிருந்த பழைய ஒஸ்ரின், மொறிஸ் கார்கள் சிறிது பெற்றோலில் முடுக்கப்பட்டு மண்ணெண்ணெயில் ஓடின (அந்தப் புகைமணத்தை முகர்ந்தவர் மறந்திருக்கமாட்டார்). அவற்றில் எரிபொருள் இரண்டு, விசை ஒன்று. அக்குவாவில் எரிபொருள் ஒன்று, விசை இரண்டு; அதன் பற்றறியில் சேரும் மின்னும் பெற்றோலிலிருந்து வந்ததுதான்.

ஆகவே ‘இருவிசை மகிழுந்து’ என்பதே பொருந்தும் என்பது என் துணிபு. வீட்டு மின்னிணைப்பிலும் மின்னேற்றக்கூடிய வகையை ‘மின்னேற்று இருவிசை மகிழுந்து’ எனப் பிரித்து வழங்கலாம். அதில் மட்டுமே எரிபொருளுக்குப் புறம்பாக வெளிமின்னும் உள்ளே வருகிறது.