சூப்பர் ஸ்டாரின் முழங்கால் ஜூலையிலேயே தீர்மானமாகிறது

2025 ஏப்ரல் 27. வட அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்பிஏ-யின் பிளேஆஃப் (சீசன் முடிவில் கோப்பைக்காக நடக்கும் சுற்றுகள்) முதல் சுற்றின் நான்காவது ஆட்டம். லாஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸ் பயிற்சியாளர் ஜே.ஜே. ரெடிக் இரண்டாம் பாதியின் 24 நிமிடமும் ஒரே ஐந்து பேரை ஆடவிட்டார். லூகா டான்சிச், லெப்ரான் ஜேம்ஸ், ஆஸ்டின் ரீவ்ஸ், ரூய் ஹாச்சிமுரா, டோரியன் ஃபின்னி-ஸ்மித். மாற்று ஆட்டக்காரர் ஒருவர்கூட உள்ளே வரவில்லை. நான்காவது கால்பகுதி தொடங்கும்போது லேக்கர்ஸ் 10 புள்ளி முன்னே இருந்தது. முடியும்போது மின்னசோட்டா டிம்பர்வுல்வ்ஸ் 116-113 என்று ஜெயித்திருந்தது.

அன்று பலரும் ரெடிக்கைக் குறை சொன்னார்கள். பல வருடங்களாகக் கூடைப்பந்து அணிகளுக்கு பிசியோதெரபிஸ்டாக வேலை பார்க்கிறவன் நான். என் கண் பெஞ்சுக்குத்தான் போனது. அந்த ஆட்டத்தில் நம்பி இறக்கக்கூடிய உயரமான ஆள் அங்கே இல்லை என்று பயிற்சியாளரே முடிவெடுத்துவிட்டார் என்றுதான் எனக்குத் தோன்றியது. பிப்ரவரியில் டான்சிச்சை வாங்க, உயரமான ஆட்டக்காரரான ஆண்டனி டேவிஸைக் கொடுத்தார்கள். அந்த இடத்தை நிரப்ப சார்லட்டிலிருந்து மார்க் வில்லியம்ஸைக் கொண்டுவந்த டிரேட் (ஆட்டக்காரர் பரிமாற்றம்), மருத்துவப் பரிசோதனையில் அவர் தேறாததால் ரத்தானது. அடுத்த ஆட்டத்தில் மின்னசோட்டாவின் ரூடி கோபேர் 27 புள்ளி, 24 ரீபவுண்ட் எடுத்தார். தொடர் 4-1 என்று முடிந்தது. சீசன் நடுவே பிரித்த அணியைச் சீசன் நடுவிலேயே முழுதாகத் தைத்துவிட முடியாது. அதற்கென்று இருப்பது கோடைகாலம்.

ஆஃப் சீசன் வந்தால் எல்லோரும் பெயர்களைப் பற்றியே பேசுகிறார்கள். சூப்பர் ஸ்டார் பக்கத்தில் இன்னொரு சூப்பர் ஸ்டார் யார், மூன்றாவது யார் என்று. நான் கேட்கிற கேள்வி வேறு: அந்த ஒரு மனிதனின் உடம்பிலிருந்து எந்த வேலையை எடுத்து யார் தோளில் வைக்கப் போகிறீர்கள்?

இந்தக் கேள்வியை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் ஒரு ஆட்டக்காரர். நான் வேலை பார்த்த ஒரு கிளப்பின் முதன்மை கார்டு, அதாவது பந்தைக் கையாளும் ஆட்டக்காரர். ஒரு ஆட்டத்துக்கு 40 நிமிடம் என்றால் 36, 37 நிமிடம் அவர்தான் களத்தில். பந்தைக் கீழிருந்து மேலே கொண்டுவருவார், எதிரணி பிரஸ் போட்டு, பந்தைக் கொண்டுவர விடாமல் நெருக்கினாலும் அவரே உடைக்க வேண்டும். ஆட்டம் நெருங்கினால் ஷாட்டும் அவர்தான். மறுபக்கம் ஓடிப்போய் எதிரணியின் மிகச்சிறந்த ஆளைக் காவல் காப்பதும் அவர்தான். முழங்கால் சில்லுக்குக் கீழே இருக்கிற தசைநாணில் வலி என்று நவம்பரில் என்னிடம் வந்தார். ஐஸ் வைத்தோம், டேப் ஒட்டினோம், பயிற்சியைக் குறைத்தோம். இரண்டு வாரம் நன்றாக இருக்கும், பிறகு மறுபடி அதே இடம். பிப்ரவரியில் மாடிப்படி இறங்கவே கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார்.

என்னால் செய்ய முடிந்த சிகிச்சை எல்லாம் சரியாகத்தான் நடந்தது. ஆனால் வலிக்குக் காரணம் என் சிகிச்சை அறையில் இல்லை, அணியின் பட்டியலில் இருந்தது. இரண்டாவதாகப் பந்தைக் கொண்டுவர ஆள் இல்லாத அணி அது. அவர் உட்கார்ந்தால் மூன்று நிமிடத்தில் முன்னிலை போய்விடும் என்று பயிற்சியாளருக்குப் பயம். எடுத்த ஓய்வையும் பாதியில் விட்டு எழுந்து ஓடினார். விட்ட புள்ளிகளைத் துரத்தும்போது உடம்பு கொடுக்கிற விலை இன்னும் அதிகம்.

அந்த வருடம் முதல் வீடியோவைப் பார்க்கும்போது நான் புள்ளிகளை எண்ணுவதில்லை, வேலைகளை எண்ணுகிறேன். ஒரு ஆட்டத்தில் எத்தனை முறை பிரஸ்ஸை எதிர்த்துப் பந்தைக் கொண்டுவந்தார்? எத்தனை ஸ்கிரீன்களில் (வழியை மறித்து நிற்கும் ஆட்களில்) மோதி வெளியே வந்தார்? கூடைக்கு அடியில் எத்தனை முறை தன்னைவிடக் கனமான ஆளோடு இடித்துக்கொண்டார்? சாதாரணப் புள்ளிப்பட்டியலில் இவை பெரும்பாலும் வராது. தசைநாண்கள் மட்டும் ஒன்றையும் விடாமல் கணக்கு வைக்கின்றன.

இந்தக் கண்ணோடு பார்த்தால் என்பிஏ-யின் சில கோடைகாலங்கள் வேறு மாதிரி தெரியும்.

2018-ல் மில்வாக்கி பக்ஸ் ப்ரூக் லோபஸை எடுத்தது. சம்பளம் சுமார் 34 லட்சம் டாலர், அந்த லீக்கின் அளவில் சின்னத் தொகை. ஏழடி உயரமுள்ள அவர் மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியே போய் நின்றார். அவரைக் காவல் காக்கும் உயரமான ஆளும் கூடவே வெளியே போக வேண்டியதாயிற்று. அணியின் நட்சத்திரம் யானிஸ் ஆண்டெட்டோகுன்போ கூடையை நோக்கிப் பாயும்போது வழியில் ஒரு உடல் குறைவு. மறுபக்கத்தில் கூடைக்கு அடியில் நின்று காக்கிற பொறுப்பையும் லோபஸ் ஏற்றார். அதே கோடையில் மைக் புடன்ஹோல்சர் என்ற புதிய பயிற்சியாளரும் வந்தார், அதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். 44 வெற்றியிலிருந்து 60-க்குப் போனது அணி. யானிஸ் அந்த ஆண்டு எம்விபி, அதாவது லீக்கின் மிகச்சிறந்த ஆட்டக்காரர். 2020-ல் ட்ரூ ஹாலிடே வந்து எதிரணி கார்டுகளைக் காவல் காக்கும் வேலையை எடுத்துக்கொண்டார். 2021-ல் கோப்பை, அந்த ஊருக்கு 1971-க்குப் பிறகு முதல் முறை.

டான்சிச்சுக்கே இது ஒரு முறை நடந்திருக்கிறது. 2022-23-ல் அவருடைய அப்போதைய அணியான டல்லாஸ் 38 ஆட்டம் மட்டும் ஜெயித்து பிளேஆஃபுக்குக்கூடப் போகவில்லை. இன்னொரு நட்சத்திரமான கைரி இர்விங் வந்திருந்தும் அந்த நிலைமை. அடுத்த கோடையில், புதிய ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் 12-வது இடத்தில் டெரெக் லைவ்லியை எடுத்தார்கள். டெரிக் ஜோன்ஸ் ஜூனியரைக் குறைந்தபட்சச் சம்பளத்தில் ஒரு வருடத்துக்கு எடுத்தார்கள். 2024 பிப்ரவரியில் டேனியல் காஃபோர்டும் பி.ஜே. வாஷிங்டனும் வந்தார்கள். இவர்கள் செய்த வேலையைப் பாருங்கள். ஸ்கிரீன் போட்டு கூடையை நோக்கி ஓடி, டான்சிச் தூக்கிப் போடும் பந்தை வளையத்துக்கு மேலே பிடித்துச் செருக இரண்டு உயரமான ஆட்கள். எதிரணியின் சிறந்த ஆளைத் துரத்த ஒருவர். மூலையில் காத்திருந்து ஷாட் போட ஒருவர். அந்த அணி 2024 இறுதிச்சுற்றுக்குப் போய் பாஸ்டனிடம் தோற்றது. அப்போதும் டான்சிச் வலியோடுதான் ஆடினார், அதை மறைக்க வேண்டியதில்லை. அணி நன்றாக அமைந்தால் காயமே வராது என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. சுமையைக் குறைக்கலாம், அவ்வளவுதான்.

எதிர்ப்பக்கத்து உதாரணம் ஃபீனிக்ஸ் சன்ஸ். கெவின் டுரான்ட், டெவின் புக்கர் இருக்கும் அணிக்கு 2023-ல் பிராட்லி பீலையும் கொண்டுவந்தார்கள். மூவருமே அருமையான ஸ்கோரர்கள். ஆனால் ஆட்டத்தை நடத்திக் கொண்டுபோகிற சரியான பாயின்ட் கார்டு இல்லை. அந்தச் சுமை பெரும்பாலும் புக்கர் மேல் ஏறியது. 2024-ல் முதல் சுற்றில் ஒரு ஆட்டம்கூட ஜெயிக்காமல் வெளியேறினார்கள். அடுத்த ஆண்டு 36 வெற்றி, பிளேஆஃப் இல்லை. 2025 கோடையில் டுரான்ட் ஹூஸ்டனுக்குப் போனார், பீலின் ஒப்பந்தத்தைப் பேசி முடித்து அவரையும் அனுப்பினார்கள். மூன்று பேரும் ஒரே வேலையில் வல்லவர்கள் என்றால் மீதி வேலை எல்லாம் அநாதையாகக் கிடக்கும்.

இதில் பணத்தின் பங்கு பெரியது. 2025-26-க்கு சாலரி கேப், அதாவது ஒரு அணியின் சம்பள வரம்பு, சுமார் 15 கோடியே 46 லட்சம் டாலர். பத்து வருட அனுபவமுள்ள ஆட்டக்காரருக்கு அதில் 35 சதவீதம் வரை கொடுக்கலாம், அதாவது சுமார் 5 கோடியே 41 லட்சம். இரண்டு பேருக்கு அப்படிக் கொடுத்தால் 70 சதவீதம் போய்விட்டது. 15 பேர் கொண்ட பட்டியலில் இன்னும் 13 பேர் பாக்கி. கேப்பைத் தாண்டிச் செலவு செய்ய வழிகள் உண்டு, ஆனால் இரண்டாவது ஏப்ரன் எனப்படும் மேல் வரம்பான சுமார் 20 கோடியே 78 லட்சத்தைத் தாண்டினால் கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்தப்படும். இரண்டு ஆட்டக்காரர்களின் சம்பளத்தைச் சேர்த்து ஒரு பெரிய ஆட்டக்காரரை டிரேடில் வாங்க முடியாது. நடுத்தர ஆட்டக்காரர்களை எடுக்க உதவும் மிட்-லெவல் சலுகையும் கிடையாது. என் பார்வையில் இழப்பதற்கு மிக வலிக்க வேண்டியது இந்தச் சலுகைதான். சூப்பர் ஸ்டாரின் உடம்பைக் காப்பாற்றுகிற ஏழாவது, எட்டாவது ஆள் பல நேரம் அந்த வழியாகத்தான் வருகிறார்.

டென்வரைப் பாருங்கள். 2022-ல் ப்ரூஸ் பிரவுனைச் சுமார் 65 லட்சம் டாலருக்கு எடுத்தது அந்தச் சலுகையில்தான். கென்டேவியஸ் கால்ட்வெல்-போப் டிரேடில் வந்தார். 2023-ல் கோப்பை வந்தது. அந்தக் கோடையிலேயே இண்டியானா இரண்டு வருடத்துக்கு 4 கோடியே 50 லட்சம் என்று பிரவுனை அழைத்துக்கொண்டது. அடுத்த கோடையில் கால்ட்வெல்-போப் ஆர்லாண்டோவுக்குப் போனார். நட்சத்திரமான நிகோலா யோகிச் உட்கார்ந்தால் அணி சரிகிறது என்பது ஆண்டுக்கணக்காக அங்கே எல்லோரும் பேசுகிற விஷயம். 2025 கோடையில் ஒருவழியாக யோனாஸ் வாலன்சியூனஸை மாற்று சென்டராக (கூடைக்கு அருகே ஆடும் உயரமான ஆள்) கொண்டுவந்தார்கள், பிரவுனும் திரும்பி வந்தார். அந்தச் செய்தி வந்த நாளில் எனக்கு உண்மையாகவே மகிழ்ச்சியாக இருந்தது. யோகிச் உட்காரும் ஒவ்வொரு நிமிடமும் நிம்மதியாக உட்கார வேண்டும்.

நட்சத்திரம் இல்லாத ஆட்டங்களிலும் அணி நிற்க முடியும் என்பதற்கு டொரண்டோ சாட்சி. 2018-19-ல் கவாய் லெனர்ட் 82-ல் 60 ஆட்டம்தான் ஆடினார். அவர் இல்லாத 22-ல் அணி 17 ஜெயித்தது. கோப்பையும் வந்தது. பட்டியலில் ஆழம் இருந்ததால்தான் மருத்துவக் குழு சொன்ன ஓய்வை நிர்வாகம் தைரியமாகக் கொடுக்க முடிந்தது. இப்போது பெரும்பாலான முக்கிய விருதுகளுக்கு 65 ஆட்டம் ஆடியிருக்க வேண்டும் என்ற விதி இருக்கிறது. ஆட்டத்தைத் தவிர்ப்பது கடினமாகும்போது, ஆட்டத்துக்குள்ளேயே நிமிடங்களைக் குறைக்க வழி வேண்டும். அதற்கும் நல்ல பெஞ்ச்தான் வேண்டும்.

நட்சத்திரத்தின் சொந்தக் கோடையைப் பற்றியும் கொஞ்சம் சொல்கிறேன், ஏனென்றால் இங்கே தவறு அதிகம் நடக்கிறது. சீசன் முடிந்ததும் முழு ஓய்வு என்று இரண்டு மாதம் படுத்துவிட்டு, பயிற்சி முகாமுக்கு மூன்று வாரம் இருக்கும்போது ஓடத் தொடங்குகிறார்கள். தசை சீக்கிரம் பழகிவிடும். தசைநாண் மெதுவாகத்தான் பழகும். ஓய்வில் வலி அடங்குவதைக் குணமானதாக நினைத்துக்கொள்கிறார்கள். சில நாள் ஓய்வுக்குப் பிறகு, வலியைக் கவனித்தபடி, மெதுவான கனமான பயிற்சிகளில் தொடங்கி, வாரக்கணக்கில் ஏற்றி, கடைசியில்தான் தாவுதலுக்கு வர வேண்டும். முகாமில் முதல் வாரமே முழு வேகம் என்பதை நான் எதிர்த்துப் பேசிக்கொண்டே இருக்கிறேன்.

லேக்கர்ஸுக்கே திரும்புகிறேன். 2025 கோடையில் டிஆண்ட்ரே ஏய்ட்டன், மார்கஸ் ஸ்மார்ட், ஜேக் லராவியா வந்தார்கள். டான்சிச் ஆகஸ்டில் மூன்று வருட நீட்டிப்பில் கையெழுத்திட்டார். ஃபின்னி-ஸ்மித் ஹூஸ்டனுக்குப் போய்விட்டார். காவல் வேலையில் அது பெரிய இழப்பு என்பது என் கருத்து. ஏய்ட்டன் உயரமும் கையும் உள்ளவர், ஆனால் லைவ்லி, காஃபோர்ட் போல ஸ்கிரீன் போட்டவுடன் கூடைக்கு ஓடுவதைவிடப் பாதி தூரத்தில் நின்று ஷாட் போட விரும்புகிறவர். இவர்கள் வந்தபோது நான் குறித்து வைத்தது ஒரே ஒரு விஷயம்: டான்சிச் இருக்கும் நிமிடங்களில் எதிரணியின் முதல் கார்டை யார் துரத்துகிறார்?

அந்தக் கிளப் கார்டின் கதையை முடிக்கிறேன். அந்தக் கோடையில் நிர்வாகம் ஒரு பெரிய ஸ்கோரரை வாங்க நினைத்திருந்தது. நான் எண்ணி வைத்திருந்த தாளைப் பயிற்சியாளரிடம் கொடுத்தேன். அவர் அதை எடுத்துக்கொண்டு போய்ப் பேசினார். வந்தவர்கள் இரண்டு பேர். பந்தைப் பதறாமல் கொண்டுவருகிற ஒரு சின்ன கார்டு. காவலை விட்டால் வேறெதிலும் பெரிதாகத் தெரியாத ஒரு விங், அதாவது பக்கவாட்டில் ஆடும் ஆட்டக்காரர். ரசிகர்களுக்கு ஏமாற்றம்தான். அடுத்த சீசனின் நவம்பரில் அந்த முதன்மை கார்டு என் அறைக்கு வந்தார். வழக்கம்போல ஐஸ் பையை எடுத்தேன். வேண்டாம் என்று கைகாட்டிவிட்டு, இரண்டாம் கால்பகுதியில் தான் உட்கார்ந்திருந்த ஆறு நிமிடத்தில் அணி எதிரணியைவிட நான்கு புள்ளி அதிகம் எடுத்திருந்ததைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்.