பள்ளி திறந்தாச்சு, பிள்ளையின் கடிகாரம் இன்னும் மே மாதத்தில்

பள்ளி திறப்பதற்கு முந்தைய இரவு பாதி வீடுகளில் இதுதான் நடக்கும். நோட்டுகளுக்கு அட்டை போட்டு, லேபிள் ஒட்டி, சீருடையை இஸ்திரி போட்டு மாட்டியாகிவிட்டது. "ஒன்பது மணிக்கே படுத்துடு, காலைல ஆறு மணிக்கு எழுப்பிடுவேன்" என்று அம்மா சொல்ல, பிள்ளையும் சொன்ன பேச்சைக் கேட்டு விளக்கை அணைத்துப் படுத்துவிடும். ஒன்பதரைக்குத் தண்ணீர் கேட்கும். பத்தரைக்கு ஃபேனைக் கூட்டச் சொல்லும். பதினொன்றரைக்கு எட்டிப் பார்த்தால் கண்ணைத் திறந்துகொண்டு புரண்டுகொண்டிருக்கும்.

அடுத்து விழுவது திட்டுதான். பாவம், பிள்ளை மனசு வைத்தாலும் அந்த நேரத்தில் தூங்க முடியாது. ஒரு மாதத்துக்கு மேலாக இரவு ஒரு மணிக்குப் படுத்துப் பழகிய உடம்பு அது. வழக்கமாகப் படுக்கும் நேரத்துக்கு முந்தைய இரண்டு மூன்று மணி நேரம்தான் ஒரு நாளிலேயே தூக்கம் பிடிக்க மிகக் கஷ்டமான நேரம் என்று தூக்க ஆய்வகங்களில் பார்த்திருக்கிறார்கள். அந்த நேரத்தில் மூளை விழிப்பைக் கெட்டியாகப் பிடித்து வைத்திருக்கும். ஒருவருக்குப் பத்து மணி என்பது ஆழ்ந்த தூக்கத்தின் தொடக்கமாகவும், இன்னொருவருக்கு அதே பத்து மணி சுறுசுறுப்பின் உச்சமாகவும் இருப்பது இப்படித்தான்.

தூக்கத்தை இரண்டு விஷயங்கள் ஆள்கின்றன. ஒன்று, விழித்திருக்கும் நேரம் கூடக்கூட ஏறும் அசதி. மூளை செல்கள் வேலை செய்யும்போது அடினோசின் என்ற பொருள் சேர்ந்துகொண்டே போகும், தூங்கினால் கரையும். காப்பி குடித்தால் தூக்கம் கலைவதற்குக் காரணம், அதிலுள்ள கஃபீன் அடினோசின் உட்காரவேண்டிய இடத்தில் தான் போய் உட்கார்ந்துகொள்வது. காலை ஒன்பதரைக்கு எழுந்து, மதியம் சாப்பிட்டுவிட்டு இரண்டு மணி நேரம் தூங்கிய பிள்ளைக்கு இரவு ஒன்பது மணிக்குள் போதுமான அசதி எங்கிருந்து வரும்?

இரண்டாவது, உடல் கடிகாரம். இங்கே கொஞ்சம் நின்று பார்க்கவேண்டும், ஏனென்றால் ஜூன் மாதச் சண்டைகளில் பெரும்பகுதி இதைப் பற்றியதுதான்.

1729இல் பிரான்சில் ழான் ழாக் தே மெரான் என்ற வானியலாளர் ஒரு தொட்டாச்சிணுங்கிச் செடியை இருட்டில் வைத்துப் பார்த்தார். வெளிச்சமே படாத இடத்திலும் அதன் இலைகள் பகலில் விரிந்தன, இரவில் கூம்பின. சூரியனைப் பார்க்காமலேயே செடிக்கு நேரம் தெரிந்திருந்தது. இந்தக் கடிகாரம் செல்லுக்குள் எப்படி ஓடுகிறது என்பதைப் பழ ஈக்களில் கண்டுபிடித்ததற்காக ஜெஃப்ரி ஹால், மைக்கேல் ராஸ்பாஷ், மைக்கேல் யங் ஆகிய மூவருக்கு 2017இல் நோபல் பரிசு கிடைத்தது. சில மரபணுக்கள் ஒரு புரதத்தை உண்டாக்குகின்றன. அந்தப் புரதம் சேர்ந்து சேர்ந்து ஓர் அளவைத் தாண்டியதும் தன்னை உண்டாக்கிய மரபணுவையே அடக்கிவிடுகிறது. பிறகு மெல்லச் சிதைகிறது. அடக்குமுறை தளர்ந்ததும் மரபணு மறுபடி வேலையைத் தொடங்குகிறது. இந்தச் சுற்று முடிய ஏறக்குறைய ஒரு நாள் ஆகும். நம் உடம்பில் அநேகமாக எல்லா உறுப்புகளிலும் இப்படி ஒரு கடிகாரம் உண்டு. எல்லாவற்றுக்கும் தலைமைக் கடிகாரம் மூளையின் அடியில், இரு கண்களின் நரம்புகளும் குறுக்கே சந்திக்கும் இடத்துக்குச் சற்று மேலே இருக்கிறது. மொத்தம் 20,000 நரம்பு செல்கள், அவ்வளவுதான்.

ஏறக்குறைய ஒரு நாள் என்றேன் அல்லவா, அந்த 'ஏறக்குறைய'வில்தான் சிக்கல். வெளிச்சத்தையும் வேளையையும் கட்டுப்படுத்திய ஆய்வகங்களில் அளந்ததில், மனிதக் கடிகாரத்தின் சுற்று சராசரியாக 24 மணி 11 நிமிடம் வந்தது. தானாக விட்டால் தினமும் சில நிமிடம் பின்தங்கும். காலை வெளிச்சம் பட்டு நேராவதால் சாதாரண நாட்களில் இது நமக்குத் தெரிவதில்லை. விடுமுறையில் பிள்ளை எட்டு மணி, ஒன்பது மணி வரை ஜன்னல் திரையை இழுத்துவிட்டுத் தூங்கும்போது நேராக்க ஆளில்லை. தாமதமாகப் படுப்பது பெரும்பாலோருக்கு எளிதாகவும், சீக்கிரம் படுப்பது பெரும்பாடாகவும் இருப்பதற்கும் இதுவே காரணம்.

நம் ஊர்க் கோடை இதற்கு இன்னும் தோதாக அமைந்துவிடுகிறது. கத்திரி வெயிலில் பதினொன்று முதல் நான்கு வரை பிள்ளைகளை வெளியே விடுவதில்லை, விடவும் கூடாது. அதனால் பகல் முழுவதும் மங்கலான அறை. விளையாட்டெல்லாம் இருட்டிய பிறகு. ஐபிஎல் ஆட்டம் ஏழரைக்குத்தான் தொடங்கும், முடிய பதினொன்றரை ஆகும். போதாக்குறைக்குச் சூடு: தூக்கம் வரவேண்டுமானால் உடலின் உள்வெப்பம் சற்று இறங்கவேண்டும், மொட்டை மாடித் தளம் பகலில் குடித்த வெயிலை இரவு பன்னிரண்டு வரை கக்கிக்கொண்டிருந்தால் அது இறங்க நேரம் எடுக்கும். 2023இல் வெயிலைக் காரணம் காட்டித் தமிழகத்தில் பள்ளித் திறப்பு தள்ளிப் போய், ஆறாம் வகுப்புக்கு மேல் ஜூன் 12, சின்ன வகுப்புகளுக்கு ஜூன் 14 என்றானது. வெயில் விஷயத்தில் அது சரியான முடிவுதான். ஆனால் ஒவ்வொரு ஒத்திவைப்பும் கடிகாரம் இன்னும் கொஞ்சம் நழுவ வாய்ப்பு.

வெளிச்சம் உள்ளே போகும் வழி

கண்ணின் விழித்திரையில் பார்ப்பதற்கான செல்கள் போக, வெளிச்சத்தின் அளவை மட்டும் அளக்கும் சில செல்கள் இருப்பது 2002 வாக்கில்தான் உறுதியானது. மெலனாப்சின் என்ற நிறமி உள்ள இவை நீல வெளிச்சத்துக்கு அதிகம் அசையும்; தகவலை நேரே தலைமைக் கடிகாரத்துக்கு அனுப்பும். மாலையில் வெளிச்சம் குறைந்தால் மூளையிலுள்ள பினியல் சுரப்பி மெலடோனின் என்ற ஹார்மோனைச் சுரக்கத் தொடங்கி, இரவு வந்துவிட்டது என்று உடம்பு முழுவதும் சொல்லும். வெளிச்சம் பட்டால் நிறுத்திக்கொள்ளும்.

பிள்ளைகளின் கண் இதில் பெரியவர்களைவிடக் கூர்மையானது. கண்மணி அகலம், லென்ஸ் தெளிவு, உள்ளே போகும் வெளிச்சமும் அதிகம். அமெரிக்காவில் கொலராடோ பல்கலைக்கழகத்தில் மூன்று முதல் ஐந்து வயதுப் பிள்ளைகள் பத்துப் பேரைத் தூங்கும் நேரத்துக்கு முன் ஒரு மணி நேரம் 1,000 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) வெளிச்சம் வரும் மேசை மேல் விளையாட விட்டார்கள். மெலடோனின் ஏறக்குறைய 88 சதவீதம் குறைந்தது. விளக்கை அணைத்து ஐம்பது நிமிடம் கழித்துப் பார்த்தும் மீளவில்லை. 2018இல் வந்த இந்த ஆய்வு சிறியதுதான், அந்த வெளிச்சமும் நம் வீட்டு ஹாலில் இருப்பதைவிடப் பல மடங்கு அதிகம். இருந்தாலும் படுக்கப் போகும் முன் எல்லா டியூப்லைட்டையும் எரியவிட்டுப் பாடநூலுக்கு அட்டை போடும் வழக்கத்தைக் கொஞ்சம் யோசிக்க வைக்கிறது.

பகலில் நல்ல வெளிச்சம் கண்டவர்களுக்கு இரவு வெளிச்சம் அவ்வளவு உறைக்காது என்பது இன்னொரு சங்கதி. வீட்டுக்குள் பகல் வெளிச்சம் சில நூறு லக்ஸைத் தாண்டுவதே அபூர்வம். காலை ஏழு மணிக்கு மரத்தடி நிழலில் நின்றாலே ஆயிரக்கணக்கில் கிடைக்கும். நாள் முழுக்க உள்ளேயே இருந்த பிள்ளையின் கடிகாரம் இரவு கைபேசித் திரைக்கும் வளைந்துகொடுக்கிறது.

எந்த நேரத்தில் எழுப்புவது?

ஒரே வெளிச்சம், படும் நேரத்தைப் பொறுத்துக் கடிகாரத்தை முன்னே நகர்த்தும் அல்லது பின்னே தள்ளும். பெற்றோருக்கு அதிகம் சொல்லப்படாத விஷயம் இது. உடலின் உள்வெப்பம் ஒரு நாளில் மிகத் தாழ்வான புள்ளியைத் தொடுவது, நாம் தானாக எழும் நேரத்துக்குச் சுமார் இரண்டு மூன்று மணி நேரம் முன்பு. அந்தப் புள்ளிக்குப் பிறகு வெளிச்சம் பட்டால் கடிகாரம் முன்னே வரும், அதாவது அன்றிரவு சீக்கிரம் தூக்கம் வரும். அந்தப் புள்ளிக்கு முன் பட்டால் நேர் எதிர்.

ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் இரவு ஒன்றுக்குப் படுத்துக் காலை ஒன்பதரைக்கு எழுகிறான் என்று வைத்துக்கொள்வோம். அவனுடைய தாழ்புள்ளி ஆறரைக்கும் ஏழரைக்கும் நடுவே எங்கோ இருக்கும். திறக்கும் நாளன்று திடுதிப்பென்று ஐந்தரைக்கு எழுப்பி மாடிக்கு அனுப்பினால், அவன் உடம்புக்கு அது நள்ளிரவில் அடிக்கும் வெளிச்சம். கடிகாரம் நமக்கு வேண்டிய திசைக்கு எதிராகவே நகரக்கூடும். அன்று முழுக்க அவன் தூங்கி வழிவான், இரவில் மறுபடி விழித்துக் கிடப்பான்.

ஆகவே திறப்பதற்குப் பத்து நாள் முன்பே தொடங்கவேண்டும். பிடிக்கவேண்டியது காலையை. படுக்கும் நேரத்தை நாம் கட்டளையிட முடியாது, எழும் நேரத்தை முடியும். முதல் நாள் ஒன்பது மணிக்கு எழுப்பி, உடனே பால்கனிக்கோ வாசலுக்கோ கூட்டி வந்து அரைமணி நேரம் வெளிச்சத்தில் இருக்கவிடுங்கள். பல் தேய்ப்பது, செடிக்குத் தண்ணீர் விடுவது, எதுவானாலும் சரி. மறுநாள் எட்டரை, அதற்கடுத்த நாள் எட்டு. இப்படி ஒன்பதரையிலிருந்து ஆறுக்கு வர ஏழு நாள், வழியில் ஒன்றிரண்டு சறுக்கலுக்குச் சேர்த்துப் பத்து நாள். மதியத் தூக்கத்தை நிறுத்தினால் (மழலை வகுப்புப் பிள்ளைகளுக்கு வேண்டாம், அவர்களுக்கு அது தேவை), மாலைக்குப் பிறகு டீ காப்பி கொடுக்காவிட்டால், இரவுத் தூக்கம் ஓரிரு நாள் பின்தங்கியாவது காலையைத் தொடர்ந்து வந்துசேரும். ஜூனில் சென்னையில் ஆறு மணிக்கு முன்பே விடிந்துவிடுவதால் வெளிச்சத்துக்குப் பஞ்சமில்லை.

பத்து நாள் இல்லை, மூன்று நாள்தான் இருக்கிறது என்றால்? முடிந்தவரை நகர்த்துங்கள். மீதி முதல் வாரத்தில் நடக்கும். அந்த வாரம் பிள்ளை கொஞ்சம் சிடுசிடுப்பாகத்தான் இருக்கும்.

இதை ஒரு பிள்ளைக்கு மட்டும் செய்வது கடினம், வீடே சேர்ந்து செய்யவேண்டும். மதுரைக்குப் பக்கத்தில் கீழக்குயில்குடி சமணர் மலைக் குகை வௌவால்களை மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் எம்.கே. சந்திரசேகரனும் மாரிமுத்துவும் ஆராய்ந்தது இந்த இடத்தில் நினைவுக்கு வருகிறது. ஒளியே எட்டாத குகையின் உட்புறத்தில் சில வௌவால்களைக் கூண்டில் வைத்தார்கள். சக வௌவால்கள் மாலையில் பறந்து வெளியேறி விடியலில் திரும்பும் குகையில், கூண்டில் இருந்தவையும் சூரியனைப் பார்க்காமலேயே அதே நேரத்தைக் கடைப்பிடித்தன. வௌவால்கள் இல்லாத குகையில் வைத்தபோது அவற்றின் கடிகாரம் தன்போக்கில் நழுவியது. 1981இல் வெளியான இந்த முடிவு உலக அளவில் பேசப்பட்டது. வேறு இனத்து வௌவாலைக் கொண்டுவந்து வைத்தால் இந்தப் பாச்சா பலிக்கவில்லை என்பது பிறகு தெரிந்தது. மனிதர்களில் வெளிச்சம்தான் முதல் ஆள், வௌவால் கணக்கை அப்படியே நமக்குப் போட முடியாது. ஆனாலும் ஹாலில் அப்பா பதினொன்றரை வரை டிவி பார்க்கும் வீட்டில், அடுத்த அறையில் பிள்ளை ஒன்பதரைக்குத் தூங்கும் என்று எதிர்பார்ப்பது பேராசை.

வயிற்றுக்கும் தனிக் கடிகாரம் உண்டு. கல்லீரலும் குடலும் சாப்பாட்டு நேரத்தை வைத்துத் தங்கள் கடிகாரத்தைத் திருத்திக்கொள்கின்றன. விடுமுறையில் பத்து மணிக்குத் தோசை தின்ற வயிறு ஏழு மணி இட்லியை ஏற்காது. முதல் வாரம் "குமட்டுது" என்று சொல்லும் எல்லாப் பிள்ளைகளும் நடிப்பதில்லை. கட்டாயப்படுத்தி ஊட்டாமல், எழும் நேரத்தோடு சாப்பாட்டு நேரத்தையும் அரைமணி அரைமணியாக முன்னே கொண்டுவாருங்கள். முதல் நாட்களில் ஒரு வாழைப்பழமும் பாலும் போதும், இடைவேளை டப்பாவைக் கொஞ்சம் கனமாகக் கட்டிவிடலாம். எல்கேஜி வாசலில் கேட்கும் அழுகையோ வேறு கதை, பிரிவின் பயம். ஆனால் தூக்கம் குறைந்த பிள்ளைக்கு எந்த உணர்ச்சியையும் அடக்குவது கூடுதல் கஷ்டம் என்பதால் அங்கேயும் இது கை வைக்கிறது.

எவ்வளவு தூக்கம் வேண்டும்? அமெரிக்கத் தூக்க மருத்துவ அமைப்பு 2016இல் சொன்ன கணக்கு: ஆறு முதல் பன்னிரண்டு வயது வரை 9 முதல் 12 மணி நேரம், பதின்மூன்று முதல் பதினெட்டு வரை 8 முதல் 10 மணி நேரம். வார நாளில் ஆறு மணிக்கு எழுந்து, ஞாயிறு பத்து வரை தூங்கினால் திங்கட்கிழமை மறுபடி பழைய கதைதான். இந்த வித்தியாசத்துக்கு ஜெர்மன் ஆய்வாளர் டில் ரோனபெர்க்கும் அவருடைய குழுவும் 2006இல் 'சமூக ஜெட் லாக்' என்று பெயர் வைத்தார்கள்; தொலைதூர விமானப் பயணத்தில் உடம்புக்கு வரும் நேரக் குழப்பம்தான் ஜெட் லாக். விடுமுறை நாளில் ஒரு மணி நேரம் கூடுதலாக விட்டால் குற்றமில்லை.

வளரிளம் பிள்ளைகளிடம் மட்டும் இந்தத் திட்டம் முழுதாக எடுபடாது. பருவம் எய்தும் வயதில் கடிகாரமே ஒன்றிரண்டு மணி நேரம் பின்னே போகிறது, அசதியும் மெதுவாகவே ஏறுகிறது. அமெரிக்கத் தூக்க ஆய்வாளர் மேரி கார்ஸ்கடான் முதலியோர் பல ஆண்டுகளாகக் காட்டிவரும் உண்மை இது. இருபது வயதை ஒட்டித்தான் மறுபடி முன்னே திரும்புகிறது. அதனால்தான் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் அமைப்பு 2014இல், உயர்நிலைப் பள்ளிகளைக் காலை எட்டரைக்கு முன் தொடங்கவேண்டாம் என்று கேட்டுக்கொண்டது; கலிஃபோர்னியா 2022 முதல் அதைச் சட்டமாக்கியது. நம் ஊரிலோ பத்தாவது, பன்னிரண்டாவது என்றாலே காலை ஏழரைக்குச் சிறப்பு வகுப்பு. அதற்குப் பேருந்து பிடிக்க ஐந்தரைக்கு எழவேண்டியவன் இரவு ஒன்பதரைக்குள் தூங்கினால்தான் எட்டு மணி நேரம் கிடைக்கும், அந்த வயதுக் கடிகாரம் அதற்கு லேசில் விடாது. அந்த வகுப்பை மாலைக்கு மாற்ற முடியுமா என்று முதல் பெற்றோர் கூட்டத்திலேயே கேட்டு வைக்கலாம்.