30 பிட்டை விட 32 பிட் பெரிதில்லை

இன்னொரு நல்ல 10 பிட் மானிட்டரும் கடைக்குத் திரும்பப் போகவிருந்தது. பிட் என்பது நிறத்தின் அளவை எழுதும் 0 அல்லது 1; சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றுக்கும் 10 என்பதால் இதை 30 பிட் என்றும் சொல்வார்கள். கல்யாண ஆல்பம் செய்கிற தம்பி ஒருவருடையது. படத்தில் யானைமலைக்கு மேலே விடியற்கால வானம். நீலம் வெளுத்து ஆரஞ்சாகிற இடத்தில் வரி வரியாகப் பட்டை. "பேனல் போயிருச்சுண்ணே" என்றார். பேனல் நன்றாகத்தான் இருந்தது.

மதுரை ஸ்டுடியோக்களுக்கு மானிட்டர் அமைத்துக் கொடுக்கிற எனக்கு இந்தப் பேச்சு கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது: "செட்டிங்ல ட்ரூ கலர் 32 பிட்னு இருக்கே, 30ஐ விடக் கூடத்தானே?"

இல்லை. அந்த 32இல் சிவப்புக்கு 8, பச்சைக்கு 8, நீலத்துக்கு 8, ஆக 24. மிச்சம் 8இல் நிறமே கிடையாது. ஒளி ஊடுருவும் அளவைச் சொல்லும், இல்லாவிட்டால் சும்மா கிடக்கும். 30 பிட்டில் மூன்று நிறத்துக்கும் பத்துப் பத்து, மிச்சம் 2. இதுவும் அதே 32 பிட் இடத்தில்தான் அடங்குகிறது, பங்கு பிரிப்பதுதான் வேறு. ஒரு நிறத்துக்கு 256 படி இருந்தது 1024 ஆகிறது. 4கே திரையின் அகலம் 3840 புள்ளி. 8 பிட்டில் வானம் முழுக்க 40 படிக்குள் அடங்கினால் ஒரு படி 96 புள்ளி அகலம். கண்ணில் படாமல் இருக்குமா? 10 பிட்டில் அது 24 புள்ளியாகிவிடும்.

மானிட்டர் கடைசி ஆள்தான். ஃபைல், ஃபோட்டோஷாப், விண்டோ சிஸ்டம், டிரைவர், கேபிள் எல்லாம் தாண்டித்தான் நிறம் அங்கே வருகிறது. நடுவில் ஒன்று 8 பிட்டாகச் சுருக்கினால் போனது போனதுதான்.

ஜேபெக்கை வைத்துச் சோதிக்காதீர்கள், அதுவே 8 பிட். கேமராவின் மூலப் பதிவான ராவிலிருந்து, நிறத்துக்கு 16 பிட் வைக்கும் டிஃப் ஃபைல் எடுங்கள். ஹெச்டிஎம்ஐ 2.0 கேபிளில் 4கே, 60 ஹெர்ட்ஸ், முழு ஆர்ஜிபி என்றால் 10 பிட் போகாது, டிஸ்ப்ளேபோர்ட்டில் மாட்டுங்கள். ஃபோட்டோஷாப்பில் பெர்ஃபார்மன்ஸ், அட்வான்ஸ்டு உள்ளே போய் 30 பிட் டிஸ்ப்ளேயை டிக் செய்யுங்கள். விண்டோஸ் 10 பிட் என்று காட்டுவது வெளியே போகிற சிக்னலைத்தான். ஃபோட்டோஷாப் என்ன கொடுக்கிறது என்று அது சொல்லாது.

லினக்ஸில் திரையில் படம் காட்டுகிற எக்ஸ் சர்வரின் டீஃபால்ட் டெப்த்தை, அதாவது நிறத்துக்கான மொத்த பிட்டை, 30 ஆக்கினால் சில புரோகிராம்களில் நிறம் தாறுமாறாகும். சிவப்பு 16ஆவது பிட்டில்தான் தொடங்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதியதன் விளைவு அது. 30இல் அது வழக்கமாக 20இல் தொடங்கும். புரோகிராம் எழுதுகிற தம்பி, தங்கைகளே, ஒவ்வொரு விஷுவலுக்கும், அதாவது நிறங்களை அடுக்கும் ஒவ்வொரு முறைக்கும், எந்த நிறம் எந்த பிட்டில் என்று காட்டும் மாஸ்க்கை சர்வரே கொடுக்கிறது. தயவுசெய்து அதைப் படித்துவிட்டு எழுதுங்கள்.