செய்திக்கு யார் காசு கொடுக்கிறார்கள்?

சிறிய செய்தி ஊடகங்களுக்குக் கணக்கு வழக்கில் உதவுவது என் வேலை. தொடங்குகிறவர்கள் பலரும் "விளம்பரம் எப்படிப் பிடிப்பது?" என்றுதான் முதலில் கேட்பார்கள். நான் வேறொன்று கேட்பேன்: உங்கள் வருமானத்தில் பாதியைத் தருகிறவரைப் பற்றி ஒரு மோசடிச் செய்தி கையில் கிடைத்தால், போடுவீர்களா?

பிரான்சின் மீடியாபார்ட் என்ற செய்தி இணையதளம் 2008இல் விளம்பரமே வாங்காமல் சந்தாவை நம்பி இறங்கியது. 2012 டிசம்பரில், பட்ஜெட் துறை அமைச்சர் ஜெரோம் காயுசாக் சுவிட்சர்லாந்தில் ரகசிய வங்கிக் கணக்கு வைத்திருந்ததை அம்பலப்படுத்தியது. அவர் அடியோடு மறுத்தார். 2013இல் பதவி விலகினார், அப்புறம் ஒப்புக்கொண்டார். அந்த மாதங்கள் முழுக்க, விளம்பரத்தை நிறுத்திவிடுவோம் என்று மீடியாபார்ட்டை யாராலும் மிரட்ட முடியவில்லை.

மலேசியாவின் செய்தி இணையதளமான மலேசியாகினிக்கு 2021 பிப்ரவரியில், வாசகர்கள் எழுதிய கருத்துகளுக்காக, நீதிமன்ற அவமதிப்பு என்று 5 லட்சம் ரிங்கிட் அபராதம் விதித்தார்கள். சில மணி நேரத்திலேயே வாசகர்கள் அந்தத் தொகையைத் திரட்டிக் கொடுத்துவிட்டார்கள். 1999 முதல் விடாமல் செய்தி கொடுத்ததால் கிடைத்த நம்பிக்கை அது. ஆனால் ஆபத்துக்கு வரும் நன்கொடையை நம்பி மாதச் சம்பளம் போட முடியாது. ஆயிரம் சந்தாதாரர்களில் பத்துப் பேர் விலகினால் தாங்கலாம். இருக்கிற ஒரே நிதியாளர் கைவிட்டால் கதவைச் சாத்த வேண்டியதுதான்.

அவதூறு வழக்குக்கென்று தனியாகப் பணம் ஒதுக்கச் சொல்வேன். செல்வாக்குள்ளவர்கள் போடும் வழக்குகளில் பல, வக்கீல் செலவிலேயே எதிராளியை ஓய வைப்பதற்குத்தான். மால்டாவில் பத்திரிகையாளர் டாஃப்னி கருவானா கலிசியா 2017இல் கொல்லப்பட்டபோது அவர்மேல் 40க்கும் அதிகமான வழக்குகள் இருந்தன.

இத்தனை பாடு எதற்கு? உள்ளூர்ப் பத்திரிகை மூடப்பட்ட பகுதிகளில் உள்ளாட்சிகள் வாங்கும் கடனுக்கு வட்டி கூடியதாக அமெரிக்க ஆய்வு ஒன்று காட்டியது. டெண்டரைப் படிக்க ஆளில்லாத இடத்தில் கடன் கொடுப்பவர் கூடுதலாகக் கேட்கிறார். அது வரி கட்டுகிறவர்கள் தலையில்தான் விழுகிறது.

மாற்று ஊடகம் என்பதாலேயே எதையும் நம்பிவிடாதீர்கள். வரவு எங்கிருந்து என்று வெளியிடுகிறதா, தவறைத் திருத்தினால் வெளிப்படையாகச் சொல்கிறதா என்று பாருங்கள். சரி என்று பட்டால், சிறு தொகையானாலும் மாதாமாதம் கொடுங்கள். பணம் கொடுக்க முடியாதவர்கள், முறைகேட்டைக் காட்டும் ஆவணம் இருந்தால் கொடுக்கலாம். அதை அலுவலகக் கணினியிலிருந்தோ அலுவலக மின்னஞ்சலிலிருந்தோ அனுப்ப வேண்டாம். அனுப்பியது யார் என்று சுலபமாகக் கண்டுபிடித்துவிடுவார்கள்.