ஜி1 கிளைமாக்ஸ்: தோல்விகளைக் கொண்டு நட்சத்திரம் செய்வது எப்படி?

1991 ஆகஸ்ட் 11. டோக்கியோவில் சுமோ போட்டிகள் நடக்கும் ர்யோகோகு கோகுகிகன் அரங்கம். மசாஹிரோ சோனோ, கெய்ஜி முட்டோவின் தோள்களை மூன்று எண்ணும்வரை விரிப்பில் அழுத்திப் பிடித்தார். மணி அடித்ததும் நாலா பக்கமிருந்தும் சதுர மெத்தைகள் பறந்துவந்து ரிங்குக்குள் விழுந்தன. ஜபுடோன் என்று பெயர், தரையில் உட்காரப் போடுவது. சுமோவில் யோகோசுனா என்ற உச்சப் பட்டம் பெற்றவரை அவருக்குக் கீழே உள்ள ஒருவர் வீழ்த்திவிட்டால், பார்வையாளர்கள் இப்படித்தான் மெத்தையைத் தூக்கி வீசுவார்கள். தொழில்முறை மல்யுத்த ரசிகர்கள் அன்று அந்தப் பழக்கத்தைக் கடன் வாங்கிக்கொண்டார்கள். அந்த அளவுக்கு, சோனோ ஜெயிப்பார் என்று யாரும் நினைத்திருக்கவில்லை.

நியூ ஜப்பான் மல்யுத்த நிறுவனம் நடத்தும் ஜி1 கிளைமாக்ஸ் தொடர் தொடங்கிய நாட்கள் அவை. மொத்தம் 8 பேர், இரண்டு பிரிவு, பிரிவில் முதலிடம் பிடிப்பவர் இறுதிக்கு. அந்த 8 பேரில் சோனோ, முட்டோ, ஷின்யா ஹஷிமோட்டோ மூவரும் இளையவர்கள். எதிரே தட்சுமி ஃபுஜினமி, ரிக்கி சோஷு என்று பெரிய தலைகள், கூடவே வேடர் மாதிரி வெளிநாட்டு மலைகள். தொடர் முடிந்தபோது அந்த மூன்று இளைஞர்களும் வேறு உயரத்தில் இருந்தார்கள். சோஷு? ஆடிய மூன்று ஆட்டத்திலும் தோல்வி, புள்ளி பூஜ்யம். நிறுவனத்தில் யார் யாரோடு மோதுவது, யார் ஜெயிப்பது என்று திட்டம் போடும் பொறுப்பு அப்போது அதே சோஷுவிடம்தான் இருந்தது. அந்தப் பூஜ்யத்தை அவர் தெரிந்தேதான் எடுத்துக்கொண்டார். இந்தத் தொடர் எப்படி வேலை செய்கிறது என்று யாராவது என்னிடம் கேட்டால், அந்தப் பூஜ்யத்திலிருந்துதான் ஆரம்பிப்பேன்.

முடிவுகள் முன்கூட்டியே தீர்மானிக்கப்பட்டவை. இது ரசிகர்கள் எல்லோருக்கும் தெரியும். அப்படியும் ஒவ்வொரு ஆண்டும் ஒரு மாதம் முழுக்க அவர்கள் புள்ளிப் பட்டியலும் கையுமாக உட்கார்ந்து கணக்குப் போடுகிறார்கள். எழுதிவைத்த முடிவில் இவ்வளவு பதற்றம் எங்கிருந்து வருகிறது? லீக் என்ற அமைப்பின் கணிதத்திலிருந்து வருகிறது என்பது என் பதில்.

வெற்றிக்கு 2, சமனுக்கு 1, தோல்விக்கு 0. ஒரு பிரிவில் 10 பேர் இருந்தால் ஒவ்வொருவருக்கும் 9 ஆட்டம், பிரிவுக்கு 45 ஆட்டம், ஆக 90 புள்ளி. 2021இல் இருந்த அமைப்பு இது. இருவருமே தகுதியிழக்கும் அபூர்வமான ஆட்டத்தை விட்டுவிட்டால், இந்த 90 கூடவும் கூடாது, குறையவும் குறையாது. ஒருவருக்கு 14 புள்ளி கொடுக்க வேண்டுமென்றால் அது இன்னொருவர் பையிலிருந்துதான் வர வேண்டும். 1991இல் ஒரு பிரிவில் 4 பேர், 6 ஆட்டம், 12 புள்ளி. சோஷு பூஜ்யத்தில் நின்றதால் அந்தப் பன்னிரண்டும் மற்ற மூவரிடம் போனது. சோனோவும் ஹஷிமோட்டோவும் சம புள்ளியில் முடித்தார்கள். கடைசி நாளில் அவர்களுக்குள் தனியாக ஓர் ஆட்டம் வைத்துத்தான் இறுதிக்கு யார் என்று முடிவானது.

நாக் அவுட் முறையில் இதைச் செய்யவே முடியாது. 16 பேர் நாக் அவுட்டில் முதல் சுற்றோடு 8 பேர் வீட்டுக்குப் போய்விடுவார்கள். நிறுவனத்தின் பட்டத்தை வைத்திருக்கும் சாம்பியன் ஒருமுறை தோற்றால் அவர் கதை முடிந்தது. அதனால் அவரைத் தோற்கடிக்க யாருக்கும் மனசு வராது. லீக்கில் சாம்பியன் இரண்டாம் நாளே ஒரு புதுப் பையனிடம் தோற்கலாம். அவருக்குப் போவது 2 புள்ளி மட்டும், மீதி ஆட்டங்களில் மீட்டுக்கொள்வார். அந்தப் பையனுக்குக் கிடைப்பதோ ‘சாம்பியனை வீழ்த்தியவன்’ என்ற பேர். அதைக் காட்டிப் பிறகு பட்டத்துக்கே சவால் விடலாம், பல பேர் அப்படி விட்டும் இருக்கிறார்கள். கொடுப்பவருக்குக் கொஞ்சம் நஷ்டம், வாங்குபவருக்குப் பெரிய லாபம். நட்சத்திரங்கள் உருவாவது இந்த வித்தியாசத்தில்தான்.

கடைசி நாள் கணக்கு இன்னும் அழகானது. ஒரு பிரிவின் கடைசி ஆட்டத்துக்கு ஒருவர் 12 புள்ளியோடும் மற்றவர் 10 புள்ளியோடும் வருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். முன்னவர் கை ஓங்கியிருப்பது போலத் தெரியும். ஆனால் 10 வைத்திருப்பவர் ஜெயித்தால் இருவரும் 12. சம புள்ளி என்றால் அவர்கள் நேருக்கு நேர் மோதிய ஆட்டத்தின் முடிவுதான் செல்லும். அது இப்போது நடந்துமுடிந்த இதே ஆட்டம். ஆக, 2 புள்ளி இடைவெளி இருந்தாலும் இது வாழ்வா சாவா ஆட்டம்தான். ஒரே ஒரு வேறுபாடு உண்டு: நேர வரம்பு தீர்ந்து சமனில் முடிந்தால் முன்னவர் தப்பித்துக்கொள்வார். அதனால் மணிமுள்ளும் ஒரு ஆட்டக்காரராகிவிடுகிறது. ஐபிஎல் கடைசி வாரத்தில் ‘இவன் ஜெயிச்சு அவன் தோத்தா’ என்று காகிதத்தில் கிறுக்கிய யாருக்கும் இந்தச் சுகம் புரியும்.

இதற்கு ஆகச்சிறந்த உதாரணம் 2016. ஏ பிரிவின் கடைசி ஆட்டம், அதே ர்யோகோகு அரங்கம். சாம்பியன் கசுச்சிகா ஒகாடாவும், அதுவரை நிறுவனத்தின் முகமாக இருந்த ஹிரோஷி தனஹாஷியும் மோதினார்கள். இவர்களில் ஒருவர்தான் இறுதிக்குப் போவார் என்று அரங்கமே நம்பியது. 30 நிமிடம் ஓடி முடிந்து மணி அடித்தது. சமன். இருவரும் ஆளுக்கு 11 புள்ளியில் நின்றுவிட்டார்கள். அதே இரவில் மருஃபுஜி என்ற வீரரை வென்று 12 புள்ளி சேர்த்திருந்த ஹிரூகி கோட்டோ சத்தமில்லாமல் இறுதிக்குள் நுழைந்தார். ஆளுக்கு ஒரு புள்ளி பங்கு வைத்ததில் யாரும் யாரிடமும் தோற்காமலேயே இரண்டு பெரிய பெயர்கள் வெளியேறின. இறுதி ஆட்டத்தில் கோட்டோவை வீழ்த்திய கனடாக்காரர் கென்னி ஒமேகா, இந்தத் தொடரை வென்ற முதல் வெளிநாட்டவர் ஆனார். அந்த 30 நிமிடத்தை மறுபடி பாருங்கள். கடைசி இரண்டு நிமிடத்தில் கூட்டத்தின் சத்தம் மாறும். இப்படியும் முடியலாம் என்று அப்போதுதான் அவர்களுக்கு உறைக்கிறது.

அந்த நேரத்தில் மண்டைக்குள் நடப்பதைப் பற்றி நரம்பியலுக்குக் கொஞ்சம் தெரியும். வுல்ஃப்ராம் ஷூல்ட்ஸ் என்ற ஆய்வாளர் 1990களில் குரங்குகளுக்குப் பழச்சாறு கொடுத்து, மூளையின் டோபமைன் செல்களைக் கவனித்தார். எதிர்பாராமல் சாறு கிடைத்தால் அந்தச் செல்கள் துள்ளின. வருமென்று முன்பே தெரிந்த சாறு வந்தபோது பெரிய சலனம் இல்லை. வரவேண்டிய சாறு வராமல் போனால் வழக்கமான துடிப்பும் அடங்கியது. அதாவது அவை அளப்பது பரிசையல்ல, எதிர்பார்ப்புக்கும் நடப்புக்கும் உள்ள இடைவெளியை. வாய்ப்பு சரிபாதியாக இருக்கும்போது, முடிவு தெரிவதற்கு முந்தைய காத்திருப்பிலேயே அவற்றின் துடிப்பு மெல்ல ஏறிக்கொண்டு போகிறது என்றும் பிந்தைய ஆய்வொன்றில் அவரது குழு காட்டியது. நடுவரின் கை இரண்டு முறை தரையில் தட்டி, மூன்றாவதுக்கு இறங்கும்போது கீழே கிடப்பவர் தோளைத் தூக்குகிறாரே, ரசிகர்கள் 2.9 என்று சொல்லும் அந்த இடம், இந்தச் செல்களுக்காகவே செய்தது போல இருக்கிறது. அதை ஒரே ஆட்டத்தில் பத்து முறை செய்தால் மூளை கற்றுக்கொண்டுவிடும், பலிக்காது. இரண்டு முறை நம்பவைத்து மூன்றாம் முறை முடிப்பவர்தான் கைதேர்ந்தவர்.

கூட்டத்தின் சத்தம் இந்த இயந்திரத்தின் மானி. 2020 முதல் 2022 வரை ஜப்பானில் நோய்த்தொற்றுக் கட்டுப்பாட்டால் அரங்கில் கத்தக் கூடாது, கைதட்டலாம் என்றார்கள். மூன்று ஜி1 தொடர்கள் அப்படித்தான் நடந்தன. பேர் சொல்லிக் கூப்பிடுவது இல்லை, ஏளனக் கூச்சல் இல்லை. கையும் காலும்தான். கைதட்டலுக்கும் தனி இயற்பியல் உண்டு. 2000இல் நேச்சர் இதழில் வந்த ஆய்வொன்று, ருமேனிய, ஹங்கேரிய அரங்குகளில் கைதட்டலைப் பதிவுசெய்து பார்த்தது. முதலில் ஒவ்வொருவரும் தன் போக்கில் வேகமாகத் தட்டுகிறார்கள். பிறகு வேகத்தை ஏறக்குறைய பாதியாகக் குறைத்துக்கொண்டதும் எல்லாக் கைகளும் ஒரே தாளத்துக்கு வந்துவிடுகின்றன. மெதுவாகத் தட்டும்போது ஆளுக்கு ஆள் வேறுபாடு குறைவு, அதனால் ஒத்திசைவு எளிது. ஆனால் மொத்தச் சத்தம் குறைகிறது. சத்தம் போதவில்லையே என்று வேகத்தைக் கூட்டினால் தாளம் கலைந்துவிடும். கீழே விழுந்த வீரர் எழ முயலும்போது அரங்கம் ஒரே தாளத்தில் தட்டுவதும், அவர் எழுந்த கணமே அது சிதறிப் பேரிரைச்சலாவதும் இதே விதிதான். சத்தமில்லாத அந்த ஆண்டுகளில் யாருக்குத் தட்டுகிறார்கள் என்பது கேட்டது, யாரை வெறுக்கிறார்கள் என்பது கேட்கவில்லை. அளவீட்டில் பாதியை இழந்துவிட்டார்கள் என்றே நான் நினைக்கிறேன்.

வெறுப்பும் ஏன் கேட்க வேண்டும் என்பதற்கு டெட்சுயா நைட்டோவின் கதை ஒன்று போதும். 2013இல் அவர் ஜி1 வென்றார். அப்போதெல்லாம் வென்றவருக்கு ஜனவரி 4 அன்று டோக்கியோ டோம் அரங்கில் சாம்பியனோடு மோதும் வாய்ப்பு, வழக்கமாக அதுதான் அன்றைய கடைசி ஆட்டம். ஆனால் நல்ல பிள்ளையாக நின்ற நைட்டோவை ரசிகர்கள் ஏற்கவில்லை. எது கடைசி ஆட்டமாக வேண்டும் என்று நிறுவனம் வாக்கெடுப்பு வைத்தது. ரசிகர்கள் ஷின்சுகே நகமுரா–தனஹாஷி ஆட்டத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். 2014இன் அந்த இரவில் ஒகாடா–நைட்டோ ஆட்டம் அதற்கு முன்னாலேயே முடிந்துபோனது, நைட்டோ தோற்றார். புள்ளிகள் எல்லாம் சரியாகத்தான் கூட்டப்பட்டிருந்தன. ஏற்றுக்கொள்ள வேண்டிய ரசிகர்கள்தான் ஏற்றுக்கொள்ளவில்லை. 2015இல் மெக்சிகோ போய், அங்கே ஒரு முரட்டு மல்யுத்தக் கும்பலில் சேர்ந்து, யாரையும் மதிக்காத, சட்டையைக்கூட அவசரமில்லாமல் கழற்றுகிற ஆளாகத் திரும்பிவந்தார். முதலில் திட்டிய கூட்டம் மெல்ல மெல்லத் தலையில் வைத்துக் கொண்டாட ஆரம்பித்தது. 2017இலும் 2023இலும் அவர் மறுபடி ஜி1 வென்றார். 2013இன் அவமானம் இல்லாமல் அந்த இரண்டு வெற்றிகளுக்கு எடை வந்திருக்காது.

சரி, இவ்வளவு தோல்வியையும் தாங்குகிற உடம்பைப் பற்றியும் பேச வேண்டும். டோக்கியோவின் செட்டகயாவில் உள்ள நியூ ஜப்பானின் நோகே பயிற்சிக்கூடத்தில் சேரும் பையன்கள் முதலில் கற்பது விழுவதைத்தான். ஜூடோவிலிருந்து வந்த அந்தக் கலைக்கு உகேமி என்று பேர். தாடையை மார்போடு ஒட்டி, மூச்சை வெளியே விட்டு, முதுகு முழுவதும் ஒரே நேரத்தில் படும்படி விழுந்து, இரண்டு உள்ளங்கைகளாலும் விரிப்பை அறைய வேண்டும். விசை பெரிய பரப்பில் பரவுகிறது, பின்மண்டை தரையைத் தொடுவதில்லை. மீதி வேலையை ரிங் பார்த்துக்கொள்கிறது. இரும்புச் சட்டம், மேலே பலகை, அதன்மேல் மெத்தை, துணி. இதற்கு ஒரு சுலபமான கணக்கு உண்டு: விழும் உயரத்தை, நிற்க எடுக்கும் தூரத்தால் வகுத்தால், உடம்பு உணரும் சராசரி அதிர்ச்சி புவியீர்ப்பைப் போல எத்தனை மடங்கு என்று தோராயமாக வந்துவிடும். ஒன்றரை மீட்டரிலிருந்து விழுந்து, ரிங் 5 சென்டிமீட்டர் அமுங்கினால் 30 மடங்கு. 1 சென்டிமீட்டர்கூட அமுங்காத கான்கிரீட் தரை என்றால் 150 மடங்குக்கும் மேல். கோணம் பிசகினால் ரிங்கும் காப்பாற்றாது. 2021 ஜி1 இறுதி ஆட்டத்தில் கோட்டா இபுஷி மேல்கயிற்றிலிருந்து பாய்ந்தபோது ஒகாடா விலகிக்கொண்டார். இபுஷி தோள்பட்டையில் காயமடைந்து ஆட்டம் அங்கேயே நிறுத்தப்பட்டது. முழு முதுகுக்கும் பரவ வேண்டிய விசை ஒரு மூட்டில் இறங்கிவிட்டது.

அந்தப் பையன்களுக்குக் கறுப்பு ஜட்டி, கறுப்பு பூட்ஸ், பகட்டான அடி எதுவும் கூடாது. தோற்றுத் தோற்றுச் சில வருடம் போனபின் வெளிநாட்டுக்கு அனுப்புவார்கள். திரும்பி வரும்போது ஆளே மாறியிருக்க வேண்டும். ஒகாடா 2012 தொடக்கத்தில் அப்படித் திரும்பி, பிப்ரவரியில் தனஹாஷியைச் சாய்த்துப் பட்டம் வாங்கி, அதே ஆண்டு 24 வயதில் ஜி1ஐயும் வென்றார். அது அபூர்வம், அதை எல்லோரிடமும் எதிர்பார்ப்பது தப்பு.

இன்றைய இளைஞர்களை மதிப்பிடும்போது ரசிகர்கள் செய்வது இந்தத் தப்பைத்தான் என்பது என் கருத்து. யோட்டா சூஜி, ஷோட்டா உமினோ, ரென் நரிட்டா மூவரையும் ‘ரெய்வாவின் மூன்று வீரர்கள்’ என்றார்கள். ரெய்வா, 2019இல் தொடங்கிய ஜப்பானிய சகாப்தம். சோனோ, முட்டோ, ஹஷிமோட்டோவுக்கு அந்தக் காலத்தில் இருந்த பட்டப்பெயரை ஒட்டி வைத்த பேர். 2023இல் 32 பேர், நான்கு பிரிவு, ஆட்டத்துக்கு 20 நிமிடம். மூவரையும் ஒரே பிரிவில் போட்டார்கள். மூவருமே அடுத்த சுற்றுக்குப் போகவில்லை. சாம்பியன் சனாடாதான் பிரிவில் முதலிடம். உடனே ‘தேற மாட்டார்கள்’ என்று புலம்பல். எனக்கு அது புலம்ப வேண்டிய விஷயமாகத் தெரியவில்லை. ஒரே பிரிவில் போட்டதால்தானே மூவரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட முடிந்தது?

ஒப்பிட்டதில் எனக்குப் பிடித்தவர் சூஜி. ஓடிவந்து அவர் தோளைக் கொடுத்துப் பாய்ந்து இடுப்பில் இடிக்கும்போது எதிராளி மடிகிற விதத்தைப் பாருங்கள். அந்த ஓட்டத்துக்கு முன்னால் ஒரு கணம் அசையாமல் நிற்பார், கூட்டம் அதற்குள் மூச்சைப் பிடித்துக்கொள்ளும். உமினோவிடம் எல்லாத் திறமையும் இருக்கிறது, உழைப்பும் இருக்கிறது, கூட்டம் இன்னும் முழுசாக இளகவில்லை. 2013இன் நைட்டோவைப் பார்த்தவர்கள் அவரைக் கைவிடக் கூடாது. சூஜி 2024 மார்ச்சில் நியூ ஜப்பான் கப் வென்றார், அது நாக் அவுட். பிறகு பட்டத்துக்காக நைட்டோவிடம் மோதித் தோற்றார். ஆகஸ்டில் ஜி1 இறுதி வரை வந்து, இங்கிலாந்தின் சாக் சேபர் ஜூனியரிடம் தோற்றார். ஒரே ஆண்டில் இரண்டு பெரிய தோல்வி. ஆனால் இரண்டு இரவிலும் கடைசி ஆட்டம் அவருடையது, இரண்டிலும் கூட்டம் அவர் ஜெயிப்பார் என்று நம்பியது. அந்த நம்பிக்கையைக் காசு கொடுத்து வாங்க முடியாது.

அடுத்த ஜி1 அட்டவணை வெளியானதும் இரண்டு இடத்தைத்தான் முதலில் பார்ப்பேன். முதல் வாரத்தில் சாம்பியனோடு மோதப்போகும் இளையவர் யார், பிரிவின் கடைசி நாளில் கடைசி ஆட்டம் யார் யாருக்கு. அப்புறம் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, பிரிவுக்கு மொத்தம் எத்தனை புள்ளி என்று எழுதி, யாரிடமிருந்து எடுத்து யாருக்குக் கொடுப்பார்கள் என்று பங்கு போட ஆரம்பிப்பேன்.