சாப்பாட்டு நினைப்பும் காணொளிகள் கேட்காமல் விடும் கேள்வியும்

ரிக்ரொக்கில் இப்போது அடிக்கடி வந்துபோகும் ஒரு வகைக் காணொளியில், ஒரு பெண் கமராவைப் பார்த்தபடி இருக்க, "அடுத்து என்ன சாப்பிடலாம்", "நேற்றைய கேக் இன்னும் மிச்சம் இருக்கிறது" என்ற வரிகள் அவரது தலையைச் சுற்றி ஓடும். பல குரல்கள் ஒன்றின் மேல் ஒன்றாக இரையும். பிறகு ஊசி போடும் காட்சி வந்ததும் எல்லாம் அடங்கிவிடும். ‘ஃபுட் நொய்ஸ்’ (சாப்பாட்டுச் சத்தம்) என்று அதில் சொல்லப்படும் அனுபவம் கற்பனையானதென்று நான் சொல்ல வரவில்லை. இப்படி ஊசியாகப் போடப்படும் செமாகுளூட்டைட் என்ற மருந்து, சாப்பிட்டபின் குடலில் சுரக்கும் ஒரு ஹோர்மோனைப் போலச் செயற்பட்டுப் பசியைக் குறைக்கிறது. அமெரிக்காவில் 2017இல் நீரிழிவுக்கும் 2021இல் உடற்பருமனுக்கும் அனுமதிக்கப்பட்ட அந்த மருந்தைப் பாவிப்பவர்களில் பலர், நாள் முழுவதும் தங்களைத் துரத்திய சாப்பாட்டு நினைப்பு தணிந்துவிட்டதாகச் சொல்கிறார்கள்; அவர்களுக்குக் கிடைத்த ஆறுதல் உண்மையானது. ஆனால், அந்த நினைப்பு ஏன் வருகிறது என்று காணொளி ஒருபோதும் கேட்பதில்லை. வன்னியில் உளவளத்துணையாளராக வேலை செய்யும் எனக்கு அதுதான் முதற் கேள்வி.

உயர்தரம் படிக்கும் ஒரு மாணவி, "மிஸ், எனக்கும் தலைக்குள்ள அந்தச் சத்தம் கேக்குது, படிக்கவே ஏலாமல் கிடக்கு" என்று வந்தார். (இங்கு நான் குறிப்பிடுபவர்களின் விபரங்களை அடையாளம் தெரியாதபடி மாற்றியிருக்கிறேன்.) காலமை என்ன சாப்பிட்டனீர் என்று கேட்டேன். பிளேன்ரீ மட்டும். பாடசாலை விட்டு ரியூசனுக்குப் போகும் வழியில் ஒரு பணிஸ்; இரவில், மெலிய வேண்டும் என்பதற்காகப் பாதிப் புட்டை வைத்துவிட்டு எழும்பிவிடுவாராம். அந்தப் பிள்ளைக்கு இருந்தது பசி.

1944 நவம்பரில் அமெரிக்காவின் மினசோட்டாப் பல்கலைக்கழகத்தில் அன்சல் கீஸ் என்ற ஆய்வாளர், ஆரோக்கியமான 36 இளைஞர்களைத் தெரிவுசெய்து, பின்னர் 24 வாரங்களுக்கு அவர்களின் உணவை ஏறத்தாழ அரைவாசியாகக் குறைத்தார். அதற்கு முன்னர் சமையலில் அக்கறையே இல்லாதிருந்தவர்கள் சமையற் புத்தகங்களைச் சேர்த்தார்கள், ஒரு கோப்பை உணவை மணிக்கணக்கில் வைத்துச் சாப்பிட்டார்கள், கனவிலும் சாப்பாட்டையே கண்டார்கள். அந்த மாணவியின் காலை உணவைப் பற்றிப் பேசும்போது எனக்கு இந்த ஆய்வுதான் நினைவுக்கு வருகிறது. பட்டினி கிடக்கும் மூளை சாப்பாட்டை நினைக்காமல் வேறு எதை நினைக்கும்?

இதை விளங்கிக்கொள்ள வன்னி மக்களுக்கு மினசோட்டா தேவையில்லை. 2009இல் மாத்தளனிலும் முள்ளிவாய்க்காலிலும் அரிசியும் உப்பும் போட்ட கஞ்சியைப் பிள்ளைகளுக்குப் பங்கிட்டுக் கொடுத்த ஒரு தாய், இன்று வீட்டில் வேண்டிய அளவு அரிசி இருந்தும், நடுச்சாமத்தில் எழும்பி வாளியின் மூடியைத் திறந்து, கையை உள்ளே விட்டு, அரிசி எந்த மட்டத்தில் விரலுக்குத் தட்டுப்படுகிறது என்று பார்த்த பிறகுதான் திரும்பப் படுக்கிறார். 2022இல் பொருட்களின் விலை ஏறியபோது இது ஓர் இரவில் பல தடவையாகக் கூடியது. "அம்மா, உங்களுக்கு இருக்கிறது இதுதான்" என்று மகள் அந்தக் காணொளியைக் காட்டியிருக்கிறார். மகளின் அக்கறையில் பிழையில்லை. ஆயினும் அந்தத் தாய்க்குச் சாப்பிடும் ஆசை சிறிதும் இல்லை. பிள்ளைகளை உயிரோடு காப்பாற்றிய அந்த விழிப்பு இன்னும் அவரைத் தூங்கவிடவில்லை, அவ்வளவுதான். அன்றைய நாட்களைப் பற்றி, அவர் விரும்பும் அளவுக்கு மட்டும், பொறுமையாகப் பேசிப் பேசித்தான் நாங்கள் முன்னேறிக்கொண்டிருக்கிறோம். இதற்குப் பசியடக்கும் ஊசி எந்த வகையிலும் மருந்தாகாது.

வேறொரு வகையும் உண்டு. "சோற்றில் நான் நஞ்சைக் கலந்துவிட்டேனோ" என்பது போன்ற, தனக்கே அருவருப்பூட்டும் எண்ணம் விடாமல் வந்துகொண்டிருந்தால், அது எண்ணச் சுழற்சி நோயாக இருக்கக்கூடும். அதற்கெனப் பயனளிக்கும் உளச்சிகிச்சை இருக்கிறது. இதையும் கேக் ஆசையையும் ஒரே பெயரில் அடைக்கும் காணொளிகளால், நோயாளர் தன் நோயை வெளியில் சொல்லவே இன்னும் அதிகமாக வெட்கப்படுகிறார்.

நீரிழிவுக்கு இன்சுலினோ சில வகைக் குளிசைகளோ எடுப்பவர்களுக்குத் திடீரென வரும் கடும் பசி, கை நடுக்கம், வியர்வை ஆகியவை இரத்தத்தில் சீனி குறைந்ததன் அறிகுறிகளாக இருக்கலாம். அதைச் ‘சத்தம்’ என்று எண்ணி அடக்கிக்கொண்டிருந்தால் மயக்கத்தில் முடியும். உடனே சீனி கலந்த நீரோ இனிப்போ கொடுத்து, பிறகு கிளினிக்கில் சொல்ல வேண்டும்.

பெற்றோரே, பிள்ளை இப்படியொரு காணொளியைக் காட்டி "எனக்கும் இதுதான்" என்றால், ஏசாதீர்கள், சிரிக்காதீர்கள். கடைசியாக எப்போது வயிறாரச் சாப்பிட்டது என்று முதலில் கேளுங்கள். ஒழுங்காகச் சாப்பிட்டும் நினைப்பு அடங்கவில்லையென்றால், அல்லது பிள்ளை சாப்பிட்டதை வேண்டுமென்றே வாந்தி எடுத்தால், வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குக் கூட்டிக்கொண்டு வாருங்கள். அங்கு வரத் தயக்கமாக இருந்தால், தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு அழைத்தும் பேசலாம்.