கெண்டைக்காலில் அந்த ஓரிடம் மட்டும் ஏன் துள்ளுகிறது?

நிலாவெளியிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார். பாரிசவாதம் வந்த அவரது அப்பாவின் கெண்டைக்காலில், பிசியோதெரப்பி மிஸ் பேனா போன்ற ஒரு மின்கருவியை வைத்து வைத்து எடுக்கிறாராம். ஓரிடத்தில் வைத்தால் சதை துள்ளி, பாதம் கீழ்நோக்கி இழுபடுகிறது. ஒரு விரல் தள்ளி வைத்தால் ஒன்றுமில்லை. ஊர்ப் பரியாரியார் அது வர்மப்புள்ளி என்கிறார், உண்மையா என்பது கேள்வி.

அதன் பெயர் இயக்கப்புள்ளி. வைத்தியசாலையில் ‘மோட்டார் பொயின்ட்’ என்பார்கள்.

கெண்டைச் சதையின் மேலே இருப்பது கஸ்ரொக்னீமியஸ். அதற்கு உள்பக்கம் ஒன்று, வெளிப்பக்கம் ஒன்று என இரண்டு தலைகள். அடியில் தட்டையாக சோலியஸ். எல்லாம் சேர்ந்து குதிநாணாகிக் குதிக்காலெலும்பில் முடிகின்றன. இவற்றை இயக்கும் டிபியல் நரம்பு முழங்கால் மடிப்பின் நடுவால் இறங்குகிறது. அந்த மடிப்பின் அருகிலேயே இரு தலைகளுக்கும் கிளைகள் பிரிந்து, தசையின் மேற்பகுதியில், எலும்பைப் பார்த்த பக்கத்தால் உள்ளே போகின்றன. சோலியஸுக்கான கிளை இன்னும் சற்றுக் கீழே நுழைகிறது.

இந்த நுழைவிடத்தை அறுத்துப் பார்த்தால்தான் கண்ணால் காணலாம். தோலுக்கு மேலே நாம் தேடுவது, மிகக் குறைந்த மின்னோட்டத்திலேயே தசை சுருங்கிவிடும் இடம். இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும், ஆனால் எப்போதும் ஒன்றின்மேல் ஒன்றாக இருக்காது.

எனக்கு எத்தனை தரம் நினைத்தாலும் அலுக்காத பகுதி இனித்தான். மின்சாரம் தோல், கொழுப்பு, தசை, நரம்பு எல்லாவற்றுக்குள்ளும் பரவுகிறது. பிறகு எப்படி நரம்பு மட்டும் அதைப் பிடித்துக்கொள்கிறது? நேரத்தால். பிசியோதெரப்பிக் கருவி விடும் ஒரு துடிப்பு, ஒரு செக்கனின் ஆயிரத்தில் ஒரு பங்கைக்கூட எட்டாது. நரம்பிழைக்கு அது போதும். தசையிழை தானாகத் தூண்டப்பட வேண்டுமானால் துடிப்பு அதைவிடப் பல மடங்கு நீடிக்க வேண்டும். ஆகவே தசை விழிப்பதற்குள் துடிப்பு முடிந்துபோகிறது. நரம்புக்குள்ளும் தடித்த இழைகளே முதலில் சிக்குகின்றன. அவற்றைச் சுற்றியிருக்கும் மயலின் என்ற கொழுப்பு உறையில் உள்ள இடைவெளிகள் தூரத் தூர இருப்பதால், அடுத்தடுத்த இரண்டு இடைவெளிகளுக்கிடையே மின்னழுத்த வேறுபாடு கூடுதலாகக் கிடைக்கிறது.

அப்புறம் பெருக்கம். உள்பக்கத் தலையில் ஒரு நரம்பிழை ஏறத்தாழ 1,900 தசையிழைகளை இயக்குகிறது என்று 1955இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. கரைவலையில் கண்ணியைப் பிடித்து இழுத்தால் அந்தக் கண்ணிதான் நீளும், கம்பாக் கயிற்றைப் பிடித்தால் வலை முழுக்க அசையும். பேனா தேடுவது கயிற்றை. ஒரு விரல் தள்ளினால் கிளைகள் ஆழத்தில் கிடக்கின்றன, அல்லது சிதறிவிட்டன. அங்கே மின்னோட்டத்தைக் கூட்டினால் சதை துள்ளும் முன் தோல் கடுக்கத் தொடங்கும்.

இந்தப் புள்ளிகளை 1850களில் பிரான்சில் டூஷென் என்ற வைத்தியர் கவனித்தார். அவை நரம்பு தசைக்குள் போகும் இடங்கள் என்று ஜெர்மனியில் ரெமாக் என்ற வைத்தியர் சொன்னார். 1857இல் சீம்சென் என்ற இன்னொரு ஜெர்மன் வைத்தியர், சாகும் தறுவாயில் இருந்த நோயாளிகளின் தோலில் புள்ளிகளைக் குறித்துவைத்து, இறந்தபின் அறுத்துச் சரிபார்த்தார். வர்மம் பற்றி எனக்கு இருக்கும் குறையும் இதுதான். பரியாரியாரின் கைப்பழக்கத்தை நான் மதிக்கிறேன், ஆனால் புள்ளிக்கு அடியில் என்ன இருக்கிறது என்று திறந்து பார்க்கச் சம்மதிக்காத அறிவை என்னால் நம்ப முடியாது.

வாசகி கவனிக்க வேண்டிய நல்ல செய்தி ஒன்று உண்டு. சதை துள்ளுகிறதென்றால் முதுகுத்தண்டிலிருந்து கால் வரையான நரம்பு உயிரோடிருக்கிறது. பாரிசவாதத்தில் அடிபட்டது மூளையில். காலில் நரம்பே அறுந்திருந்தால், சில வாரங்களில் இந்தச் சிறு துடிப்புக்கு எந்த இடமும் அசையாது.

பின்னாளில் கெண்டைச் சதை இறுகி, குதிக்கால் நிலத்தில் பதியாமல் போகலாம். அப்போது இறுக்கத்தைத் தளர்த்த ஊசி போடும் வைத்தியருக்கும் இந்தப் புள்ளிகளின் வரைபடம் வேண்டும். அந்த ஊசி மருந்துகளில் பீனோல் நரம்பைத் தாக்குவது, அதை நரம்புக் கிளையருகே போட வேண்டும். பொட்டுலினம் நச்சு நரம்பு முனைகள் தசையிழையைத் தொடும் இடத்தில் வேலை செய்வது, அதற்குத் தசையின் நடுவயிறு நல்லது.

கால் நீளம் ஆளுக்காள் வேறு என்பதால், முழங்கால் மடிப்பிலிருந்து கணுக்கால் வரையான நீளத்தின் சதவீதமாக இந்த இடங்களைக் குறிக்கிறார்கள். தென்கொரியர்கள் தங்கள் மக்களின் உடல்களில் இப்படி அளந்து நிறைய வெளியிட்டிருக்கிறார்கள். எங்களுக்கு மட்டக்களப்பிலும் யாழ்ப்பாணத்திலும் மருத்துவ பீடங்கள் இருக்கின்றன. தானமாகக் கிடைத்த உடல்கள், அளவுநாடா, பொறுமையான மாணவர்கள், இவ்வளவும் போதும். பெரிய இயந்திரங்களுக்குக் கொட்டும் காசில் ஒரு துளியை இதற்கு ஒதுக்கலாம் என்பது என் உறுதியான கருத்து.

வாசகிக்கு ஒன்று. புள்ளி கிடைத்ததும் எழுதும் மைப்பேனையால் அடையாளமிடச் சொல்லுங்கள். அப்பா எந்த நிலையில் கிடந்தாரோ, அடுத்த முறையும் அதே நிலையில் கிடத்துங்கள். முழங்காலை மடக்கினால் தசைக்கு மேலே தோல் நகர்ந்துவிடும், அடையாளமும் அதோடு நகரும்.